கடவில் போட்ட இலை

மகனே,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. சுகமாக இருக்கிறாயா என்று நான் கேட்கப்போவதில்லை. உடம்புக்கு ஆகாதவன் இவ்வளவு அழுத்தி எழுத மாட்டான். பேனா முள் தாளையே கிழித்திருக்கிறது. பெண் வீட்டார் மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்ததும் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அதற்கு நீ சரி என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். மதராஸில் வீடு பார்த்துவிட்டதாக எழுதியிருக்கிறாய், அதுவும் சந்தோஷம். கடைசியில்தான் அந்த வரி. மாமாவுக்கு அழைப்பு போகக் கூடாது, அவர் பந்தலில் கால் வைத்தால் நீ மணவறையை விட்டு எழுந்துவிடுவாய். நல்லது. எழுந்து போவது நம் குடும்பத்துக்குப் புதிதல்ல. உன் அம்மை ஒரு பந்தியிலிருந்து எழுந்தவள். ஆனால் அவள் எப்படித் திரும்ப உட்கார்ந்தாள் என்பது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் கடையைச் சாத்திவிட்டு இந்தத் தாளை எடுத்தேன். சாத்தினதில் நஷ்டம் ஒன்றுமில்லை. கடைக்கு வருகிறவர்கள் யாரும் இப்போது கயிறு வாங்குவதில்லை. மலையாளத்தோடா மதராஸோடா, நாம் இனி எந்த ராஜ்யத்தில் சேருவோம் என்று பேசத்தான் வருகிறார்கள். எதில் சேர்ந்தாலும் ஆறு தேங்காய்ப்பட்டணத்துக்குத்தான் வரும் என்று நேற்று சொன்னேன். என்னைக் கிறுக்கனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

பந்திக் கதை உனக்கு மனப்பாடம். உன் அம்மை அதைச் சொல்லிச் சொல்லித்தான் உனக்குச் சோறு ஊட்டினாள். ஆனாலும் அதில் எழுப்பப்பட்டவன் நான், என் வாயால் ஒரு தடவை கேட்டுக்கொள். மாமா, உன் அம்மையின் கூடப்பிறந்த அண்ணன், ஆற்றின் மேற்பக்கம், திக்குறிச்சிக்கும் மேலே, தன் படித்துறைக் கடவை ஒட்டிப் புதிதாக வீடு கட்டிப் பால் காய்ச்சினார். நீ கைக்குழந்தை. முதல் பந்தியில் நான் உட்கார்ந்துவிட்டேன். இலையில் உப்பும் ஊறுகாயும் வைத்து, பருப்பும் விட்டாகிவிட்டது. அப்போது நிலபுலன் உள்ள பெரிய ஆட்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள், இலை இல்லை. மாமா என்னிடம் வந்து சிரித்துக்கொண்டே, "மாப்பிள, நீரு கொஞ்சம் எந்திரியும். கயிறு யாவாரந்தானே, ஓடியா போவுது? அடுத்த பந்தியில இரிக்கலாம்" என்றார். நான் எழுந்தேன். சிலர் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தேன், வேறு என்ன செய்வது? எதிரே பெண்கள் வரிசையில் இருந்த உன் அம்மை, பிசைந்த சோற்றை இலையிலேயே உதறிவிட்டு எழுந்தாள். "எனக்க மாப்பிளைக்கு இல்லாத எல எனக்கும் வேண்டாம். இனி இந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்" என்றாள். பந்தல் முழுக்கக் கேட்டது. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு படி இறங்கி வந்து வள்ளத்தில் ஏறிவிட்டாள். "போறவ போட்டும்" என்று மாமா பின்னாலிருந்து சொன்னார். அந்தச் சொல்லுக்கும் கால் இருந்தது, அதுவும் எங்களோடு வள்ளத்தில் ஏறி வந்தது.

சோறு போட்ட வீட்டில் சண்டை வந்தால் சோற்றைத்தான் முதலில் விடுவோம். நம் பக்கத்து வழக்கம் அது. பேச்சை விடலாம், முகத்தில் முழிக்காமல் இருக்கலாம், அதெல்லாம் ஆறிப்போகும். கை நனைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அது கல். உன் அம்மை அந்தக் கல்லை இருபது வருஷத்துக்கு மேல் சுமந்தாள். எனக்கு அடுத்த அறுப்புக்குள் கோபம் போய்விட்டது. பெரிய ஆள் வந்தால் சின்ன ஆள் இடம் விடுவதுதான் ஊர் நடப்பு, இதற்கு என்ன என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவளிடம் சொன்னால், "ஒமக்கு ரோசம் இல்லாட்டா போட்டும், எனக்கு இருக்கு" என்பாள். எனக்காக ஒருத்தி சோற்றை விட்டு எழுந்தாள் என்பதில் உள்ளூர ஒரு பெருமையும் எனக்கு இருந்தது, அதை மறைக்கவில்லை. ஓணம் வந்தாலும் பொங்கல் வந்தாலும் பிறந்த வீட்டுச் சீர் வராது, அவளும் போகமாட்டாள். ஆனால் ஆற்றில் வெள்ளம் வந்து மேலேயிருந்து மரமும் செத்தையும் மிதந்து வரும்போது, கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். தான் பிறந்த கரையிலிருந்து வந்தது எதுவும் தெரிகிறதா என்று பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் கேட்டதில்லை.

நீ திருவனந்தபுரத்தில் காலேஜில் இருந்தபோது அவளுக்கு வயிற்றில் அந்தக் கட்டி வந்தது. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கொண்டு போங்கள், அவள் கேட்டதைச் செய்து கொடுங்கள் என்றார். அவர் முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது. வெளியே வந்தபோது உன் அம்மை மாட்டுவண்டியில் படுத்திருந்தாள். "என்ன சொன்னாரு?" என்று கேட்கவில்லை. "எனக்கு ஆத்தோட மேல போணும்" என்றாள். "எங்க வீட்டுக் கடவுல ஒரு முங்கு முங்கிட்டு வரணும். வீட்டுல ஏறமாட்டேன். கடவு அவனுக்குள்ளது இல்ல, ஆத்துக்குள்ளது." சரி, பஸ்ஸில் போவோம், உச்சிப்பொழுதுக்குள் போய்விடலாம் என்றேன். "ஓட்டமா போவாண்டாம். வள்ளத்துல போவோம். போற வழியில ஆளுவள பாத்து, அவிய என்ன தின்னுகாவ, என்ன செய்யுகாவன்னு இருந்து பாத்துட்டுப் போவோம். நான் இந்தக் கரையில வந்ததுல இருந்து ஓடிக்கிட்டேதானே இருந்தேன்" என்றாள். பிறகு நீ என்னைக் கேட்டாயே, பஸ் இருக்கும்போது நோயாளியை எதற்கு ஆற்றில் நாள்கணக்காக அலைக்கழித்தீர்கள் என்று. குலுங்கினால் அவளுக்கு வலி தாங்காது என்று அன்றைக்குச் சொன்னேன். அதுவும் உண்மைதான். ஆனால் அது பாதி.

நாங்கள் நாலு பேர் புறப்பட்டோம். நான், உன் அம்மை, அவளைத் தூக்கி இறக்கவும் துணி மாற்றவும் பக்கத்து வீட்டுப் பாத்தும்மா, வள்ளம் ஊன்ற தாசையன். பாத்தும்மாவை நான் கூப்பிடவில்லை. "நீரு ஆம்பிள, ஒமக்கு என்ன தெரியும்?" என்று தன் துணியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு அவளே வந்து வள்ளத்தில் உட்கார்ந்துவிட்டாள். தாசையன் நம் கயிற்றை மேல்கரைக்கு ஏற்றிப் போகிறவன், ஒவ்வொரு கடவிலும் அவனுக்கு ஒரு சொந்தமோ சிநேகமோ இருக்கும். ஓலை வளைத்துக் கட்டிய நிழலில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய் விரித்து அவளைப் படுக்க வைத்தோம். நீரொழுக்குக்கு எதிராக மூங்கிலை ஊன்றி ஊன்றிப் போக வேண்டும். தண்ணீர் வற்றிய இடத்தில் நானும் தாசையனும் இறங்கித் தள்ளுவோம். கரையில் நடந்து போகிற கிழவன்கூட எங்களை முந்திப் போவான். அவனோடு உன் அம்மை பேசி முடிப்பதற்குள் அவன் நின்று, உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, தன் மருமகள் கதை முழுதும் சொல்லிவிடுவான். அப்படிப் போனோம்.

முதலில் இறங்கியது கயிற்று நாருக்காக மட்டை அடிக்கிற பெண்கள் இருக்கிற கடவில். ஊறிய கதம்பல் மட்டையின் நாற்றம் உனக்குத் தெரியும், நீ அதில்தான் வளர்ந்தாய். உன் அம்மையைப் பனையோலைத் தடுக்கில் உட்கார வைத்ததும் அவள் மட்டை அடிக்கும் கொட்டாப்புளியைக் கேட்டு வாங்கினாள். அடிக்க வலு இல்லை, சும்மா தட்டினாள். "ஏ அம்மோ, நல்லா தட்டுகியளே, நாங்க கூலி குடுக்கணுமா?" என்று அந்தப் பெண்கள் கேலி செய்தார்கள். அவள் சிரித்து நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. அந்த வீட்டுக்காரி மத்தியானம் எங்களுக்குச் சாப்பாடு வைத்தாள். அது அரிசிக்கு ரேஷன் இருந்த காலம், நினைவிருக்கிறதா? ஊரெல்லாம் மரச்சீனிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தது. மட்டை அடிக்கிற அந்த வீட்டில் கலத்தில் வந்தது சிவப்புச் சம்பா அரிசிச் சோறு. பக்கத்தில் ஒரு உப்புமாங்காய். உன் அம்மை மாங்காயைக் கடித்தாள். கடித்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள், மெல்லவில்லை. வலி வந்துவிட்டதோ என்று நான் பயந்தேன். பிறகு மெல்ல மென்று விழுங்கினாள். "இன்னொண்ணு இருக்குமா பிள்ளே?" என்று கேட்டாள். மூன்று வாய்க்கு மேல் இறங்காதவள் அன்று கலத்தை வழித்துத் தின்றாள். நான் அந்த வீட்டுக்காரியை மனசுக்குள் கும்பிட்டேன். உண்மையில் யாரைக் கும்பிட வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

சாயங்காலம் புறப்படலாம் என்றால், "நாளைக்குப் போனாப் போரும்" என்றாள். அதிலிருந்து எல்லாக் கடவிலும் அதே பேச்சுதான். குழித்துறைப் பாலத்துக்குக் கீழே ஒரு வேளார் வீட்டில் பச்சைப் பானையைக் கூழாங்கல்லால் தேய்த்து மினுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் தேய்த்த பானை கோணலாகிப் போனது, வேளார் பெண்டாட்டி அதையும் சூளைக்கு எடுத்து வைத்தாள். தாசையனின் கொழுந்தி வீட்டில் விளக்கு வைத்ததும் ஜெபம் செய்தார்கள். நடுவில் உன் அம்மை பேரைச் சொல்லி அந்தப் பெண் அழுதாள். பாத்தும்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தன் பாட்டுக்குத் தன் ஆண்டவனிடம் கையேந்தினாள். உன் அம்மை என் பக்கம் திரும்பி, "நம்ம சாமிகிட்ட நீங்க சொல்லப்பிடாதா? அவரு மட்டும் சும்மா இருக்காரு" என்று கிசுகிசுத்தாள். எங்கே போனாலும் சோறு வந்தது. எங்கே போனாலும் அதே சிவப்பு அரிசி, அதே உப்புமாங்காய். எனக்கு மர மண்டை. ஆற்றங்கரை முழுக்க இவ்வளவு நல்ல அரிசி எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவைகூட நான் யோசிக்கவில்லை. தாசையனைக் கேட்டேன். அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு, "ஆத்துத் தண்ணி நல்லது அண்ணாச்சி, விளைச்சல் உண்டும்" என்றான். பொய் சொல்லும்போது அவன் ஆற்றைத்தான் பார்ப்பான் என்பது இப்போது எனக்குத் தெரியும்.

நாளாக ஆக அவள் மெலிந்துகொண்டே போனாள், பயணமும் மெலிந்துகொண்டே போனது. எனக்குப் பதற்றம். கடவு போய்ச் சேருவதற்கு முன் ஏதாவது ஆகிவிட்டால்? "எதுக்குத்தான் இப்படி நின்னு நின்னு போறே?" என்று ஒரு நாள் கத்தியே விட்டேன். அவள் கோபிக்கவில்லை. கடைசியாக நாங்கள் இறங்கியது மாமா வீட்டுக்கு நேர் எதிர்க்கரையில், கொஞ்சம் கீழே, வள்ளத்தில் ஆளை அக்கரை சேர்க்கிறவரின் வீட்டில். அவர் பெண்டாட்டி செல்லம்மை. அந்த முற்றத்திலிருந்து பார்த்தால் அக்கரையில் ஆற்றுப்பக்கம் சாய்ந்து நிற்கும் மாமரம் தெரியும். உன் அம்மை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் அதே சோறு. தின்றுவிட்டு, செல்லம்மை அந்தப் பக்கம் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இஞ்ச பாருங்க. இது எங்க அண்ணன் வீட்டுச் சோறு. மொத வீட்டுலயே எனக்குத் தெரிஞ்சு. அந்த மாமரத்துல காய்க்குத மாங்காயில இஞ்சி மணக்கும். அந்த மணம் வேற எந்த மாவுக்கும் கெடையாது. நான் வாறேன்னு அறிஞ்சு, அண்ணன் முன்னால முன்னால போயி ஒவ்வொரு வீட்டுலயும் அரிசி குடுத்துட்டுப் போயிருக்கு. அது வீட்டுல நான் கை நனைக்க மாட்டேனில்லா? அதான் ஊரு வீட்டுல எல்லாம் எனக்குச் சோறு போடுது." கண்ணீர் அவள் காதுக்குள் வழிந்தது, நான் துடைத்தேன். "நான் எதுக்கு நின்னு நின்னு வந்தேன்னு கேட்டியளே. அங்க போயிச் சேந்தா சோறு கெடையாதே. இப்படி வந்தா தெனமும் அண்ணன் சோறு."

மகனே, அந்த இடத்தில் நான் அழுதேன். நோய்க்கு அழாதவன், டாக்டர் சொன்னதற்கு அழாதவன், அதற்கு அழுதேன். இரண்டு பேரும் அவ்வளவு பிடிவாதம். வாக்கை உடைக்கவும் மாட்டார்கள், பாசத்தை விடவும் மாட்டார்கள். நடுவில் ஒரு ஆற்றையே பந்தியாக்கி வைத்திருந்தார்கள். உனக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். "இப்ப சொல்லாண்டாம். சாவ பயந்து அம்மை வாக்கு விட்டுட்டான்னு நெனப்பான், வளந்த பிள்ளயில்லா. அவனுக்குக் கல்யாணம் வரும்போ சொல்லுங்க. மாலை எடுத்துக் குடுக்க மாமன விளிக்கணுமே, அப்பம் சொல்லுங்க. ஒரு வீட்டுல பொண்ணெடுக்கப் போறவனுக்குத்தான் இது வெளங்கும்" என்றாள். தலையாட்டினேன். இத்தனை வருஷம் நான் வாய் திறக்காமல் இருந்தது அதனால்தான்.

மறுநாள் காலை கண் விழித்ததும் அவளுக்கு ஒரு தெளிச்சி. வீட்டில் ஏற மாட்டேன், சரி, ஆனால் அண்ணன் என்னிடம் வந்து சாப்பிடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்றாள். தாசையனைக் கூப்பிட்டு, "அக்கரைக்குப் போயி எங்க அண்ணன விளிச்சிட்டு வா. தங்கச்சி சோறு பொங்குகா, திங்க வரச்சொன்னான்னு சொல்லு" என்றாள். பாத்தும்மாவும் நானும் அவளைத் தூக்கி முற்றத்துப் பிலா மரத்து நிழலில் சாய்த்து உட்கார வைத்தோம். அடுப்பில் செல்லம்மை உலை வைத்தாள். உன் அம்மை சுளகைக் கேட்டு வாங்கி, மாமா கொடுத்திருந்த அந்த அரிசியைக் கொட்டி, கல் பொறுக்கிப் புடைக்க ஆரம்பித்தாள். புடைத்தாள் என்றால் பெரிய புடைப்பு இல்லை, ஒரு அசைவு, அவ்வளவுதான். நான் விறகு பிளந்துகொண்டிருந்தேன். சுளகின் சத்தம் நின்றதை நான் கவனிக்கவில்லை. பாத்தும்மாதான், "பிள்ளே... ஏ பிள்ளே..." என்றாள். திரும்பிப் பார்த்தேன். சுளகு அவள் மடியில் சாய்ந்து அரிசி கொட்டிக் கிடந்தது. கை அரிசிக்குள் இருந்தது. உலை கொதித்துக்கொண்டிருந்தது.

மாமா அப்போதுதான் கரையேறி வந்தார். சிரித்துக்கொண்டு வந்தார், மகனே. அதை மட்டும் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. ஈர வேட்டியோடு, கையில் வாழையிலைச் சுருளோடு, தங்கச்சி சாப்பிடக் கூப்பிட்டாள் என்று சிரித்துக்கொண்டு வந்தார். முற்றத்தில் நின்று எங்கள் முகத்தைப் பார்த்தார். இலைச் சுருளைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சிந்திய அரிசியை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிச் சுளகில் போட ஆரம்பித்தார். வெகு நேரம் பொறுக்கினார். யாரும் தடுக்கவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "மாப்பிள, எனக்குத்தானா பொங்குனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கடவில் முங்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அதனால் அவளை வள்ளத்தில் கிடத்தி அக்கரைக்குக் கொண்டுபோனோம். அங்கே படிக்கட்டில்தான் அதைப் பார்த்தேன். மேல்படியில் நாலு இலை வரிசையாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ஓரத்தில் உப்பும் மாங்காயும் வைத்திருந்தது. பறக்காமல் இருக்கக் கூழாங்கல் வைத்திருந்தது. அத்தை சொன்னாள், நாங்கள் எந்த நாளில் வந்து சேருவோம் என்று தெரியாமல் மாமா பல நாளாகக் காலையில் இலை வெட்டிப் போடுவாராம், பொழுது சாய்ந்ததும் எடுப்பாராம். மாமா அந்த இலைகளைக் காட்டினார். "வீட்டுல இல்ல, கடவுல. கடவுல கை நனைச்சா வாக்கு கெடாதுல்லா? மொத எல உமக்கு. அடுத்தது அவளுக்கு. மத்தது அவிய ரெண்டுபேருக்கும். நான் வெளம்பணும்னு நெனச்சேன்." தாசையனுக்கும் பாத்தும்மாவுக்கும் என் வரிசையிலேயே இலை. என்னை எழுப்பிவிட்ட மனிதர். சவம் கிடக்கும்போது யார் சாப்பிட முடியும்? இரியும் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, உட்கார எனக்கும் வழியில்லை. பாத்தும்மாவும் அத்தையும் அவளுக்குத் தண்ணீர் விட்டார்கள். மாமா இலைகளை எடுத்து ஆற்றில் விட்டார்.

ஏறிப்போக அத்தனை நாள், இறங்கி வர ஒரு பகல். தந்தி கிடைத்து நீ சாயங்காலம் திருவனந்தபுரத்திலிருந்து வந்து சேர்ந்தாய். மாமா பிறந்த வீட்டுக் கோடியைக் கையில் வைத்துக்கொண்டு நடையில் நின்றார். நீ அதைப் பிடுங்கி வாசலில் எறிந்தாய். "உயிரோட இருக்கும்போ ஒரு பிடி சோறு போடாதவரு, செத்த பொறவு சேலை போடுகாரா?" என்றாய். அவர் ஒரு சொல் திருப்பிச் சொல்லியிருக்கலாம். குனிந்து அந்தச் சேலையை எடுத்து மண்ணைத் தட்டினார். தீ அடங்கும்வரை நம் கடவில் உட்கார்ந்திருந்துவிட்டு, கரையோடு நடந்தே போய்விட்டார். உன்னைக் குறை சொல்லவில்லை, மகனே. உன் அம்மை ஊட்டின கதைதான் உன் வாயில் வந்தது. அவள் கதையை மாற்றிக்கொண்டாள், உனக்குச் சொல்ல அவளுக்கு நேரம் இல்லாமல் போயிற்று. ஆனால் இன்னொன்று சொல்ல வேண்டும். வாய்க்கரிசி போடும்போது பாத்தும்மா ஒரு முந்தி முடிச்சை அவிழ்த்து உன் கையில் அரிசி கொடுத்தாளே, நினைவிருக்கிறதா? அது நம் வீட்டு அரிசி அல்ல. உன் அம்மை புடைத்த அரிசி, மாமா பொறுக்கிச் சேர்த்த அரிசி. கோடியை நீ தள்ளினாய். ஆனால் அவள் அண்ணன் சோற்றில் கடைசிப் பிடியை அவள் வாயில் போட்டது உன் கைதான்.

நான் உனக்குப் பெரிதாகப் புத்தி சொல்கிறவன் அல்ல. கயிறு விற்றவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். புரி அவிழ்ந்தால் உடனே முறுக்கிவிட வேண்டும், விட்டுவிட்டால் பிறகு கையில் நார்தான் மிஞ்சும். உன் பெண்டாட்டியாக வரப்போகிறவள் உனக்காக ஒரு நாள் ஏதாவது இலையை விட்டு எழுந்திருப்பாள். அவள் ரோசத்தைக் கொண்டாடு, ஆனால் அவளை அங்கேயே நிற்க விடாதே. திரும்ப உட்கார ஒரு வழி பார்த்து வை. முடிந்தால் மதராஸுக்கு ரயில் ஏறுவதற்கு முன் அவளைக் கூட்டிக்கொண்டு இந்த ஆற்றில் மெல்லப் போ. தாசையனுக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் ஊன்றுவான். யார் வீட்டிலாவது இறங்கு, அவர்கள் வேலையில் கை கொடு, கொடுத்ததைத் தின்னு. வேளார் வீட்டில் அந்தக் கோணல் பானை இன்னும் இருக்கிறது, தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார்கள்.

கல்யாணத்தில் எனக்கு ஒரே ஒரு ஆசை. முதல் பந்தியில் முதல் இலையில் நான் உட்கார வேண்டும், மாமா விளம்ப வேண்டும். அவர் அன்று போட்ட இலையில் நான் இன்னும் சாப்பிடவில்லை. என் பக்கத்தில் ஒரு இலை சும்மா இருக்கட்டும், யாரையும் உட்கார வைக்க வேண்டாம். இந்த அழைப்பைத் தபாலில் அனுப்பாதே. நீயே போ. கடவில் இறங்கினால் வீடு தெரியும். மாமா படி இறங்கி வருவார். அத்தை இலை போடுவாள். உன் அம்மை அந்த வீட்டில் கை நனைக்கவில்லை. நீ நனைத்துவிட்டு வா.

உன் அப்பா